ஸ்டென்ட் மாத்திரை இருக்கும்போது அபிக்ஸபான் எதற்கு?

செம்பூரிலிருந்து நீங்கள் எழுதியிருந்ததைச் சுருக்கிச் சொல்கிறேன். மாமியாருக்கு 71 வயது. இரண்டு வருடத்துக்கு முன் ஸ்டென்ட் (அடைபட்ட இதயத் தமனியை விரித்துப் பிடிக்கிற கம்பிக் குழாய்) வைத்ததிலிருந்து ஆஸ்பிரினும் குளோபிடோக்ரெலும் சாப்பிடுகிறார். போன மாதம் ஈசிஜியில் ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன் என்ற இதயத்துடிப்புக் கோளாறு இருப்பதாக வந்தது, அபிக்ஸபான் 5 மில்லிகிராம் காலை மாலை சேர்த்திருக்கிறார்கள். பல் தேய்க்கும்போது ஈறில் ரத்தம் வருகிறது. வீட்டில் ஒருவர், ஏற்கெனவே இரண்டு மாத்திரை சாப்பிடும்போது மூன்றாவது எதற்கு, ரத்தம் தண்ணியாகிவிடும் என்கிறார். உங்கள் கொழுந்தனார், இத்தனை மாத்திரைக்குப் பதில் கட்டியைக் கரைக்கிற ஊசியை ஒரே தடவை போட்டுவிடலாமே என்கிறார். கேள்விகள் மூன்று மாதிரித் தெரிந்தாலும், அடியில் இருப்பது ஒன்றுதான்: இவை எல்லாமே ஒரே வேலையைச் செய்கிற மருந்துகளா, இல்லை வேறு வேறா?

வேறு வேறு. உங்கள் மாமியாரின் மூன்று மாத்திரையில் இரண்டு ஒரு வகை, ஒன்று இன்னொரு வகை, கொழுந்தனார் கேட்கிற ஊசி மூன்றாவது வகை. ஒன்றின் வேலையை இன்னொன்று செய்யாது. நான் மருத்துவர் இல்லை, மருத்துவமனை மருந்தாளுநர். மும்பையில் இந்த மருந்துகள் சாப்பிடுகிறவர்கள் மாதாமாதம் வந்து போகிற வெளிநோயாளர் பிரிவில் பல வருடமாக வேலை பார்க்கிறேன். மருந்து எப்படி வேலை செய்கிறது, எதோடு சேர்ந்தால் கெடுக்கும் என்பதை நம்பிக்கையாகச் சொல்ல முடியும். ஆனால் உங்கள் மாமியாரின் ரிப்போர்ட்டுகளை நான் பார்த்ததில்லை, அதனால் எதை நிறுத்துவது எதைத் தொடர்வது என்பதை நான் சொல்லக் கூடாது, இதைப் படித்துவிட்டு நீங்களாகவும் நிறுத்தக் கூடாது.

முதலில் இந்த 'ரத்தம் தண்ணியாகும்' பேச்சு. எங்கள் வார்டில் ஹிந்தியில் 'கூன் பத்லா கர்னே கா கோலி' என்பார்கள், நம் வீடுகளிலும் அதையேதான் தமிழில் சொல்கிறோம். உண்மையில் இந்த மாத்திரைகள் எதுவும் ரத்தத்தை நீர்க்கச் செய்வதில்லை. பாலில் தண்ணீர் விட்டாலும் உறை ஊற்றினால் அது தோய்ந்துதான் போகும். உறைமோர் வேலை செய்யாமல் பார்த்துக்கொள்வதுதான் இந்த மருந்துகளின் வழி, பால் பாலாகவே இருக்கும். அதனால்தான் இவை உடம்புக்குத் தெம்பைக் குறைப்பதோ, ரத்தசோகையைத் தாமாகக் கொண்டுவருவதோ இல்லை. எங்காவது ரத்தம் கசிந்தால் அது நிற்க நேரமாகும், அவ்வளவுதான். அந்த 'அவ்வளவுதான்' சில இடங்களில் பெரிய விஷயம், அதைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

காயம் பட்டால் ரத்தம் நிற்பது இரண்டு வேலைகளால். ஒன்று தட்டணுக்கள், டெங்கு வந்தால் எல்லோரும் எண்ணிக்கை கேட்கிற அதே பிளேட்லெட்டுகள். ரத்தக்குழாயின் உள்சுவர் கிழிந்ததும் அந்த இடத்தில் ஒட்டி, ஒன்றையொன்று ரசாயனச் செய்தி அனுப்பிக் கூப்பிட்டு, கும்பலாக அடைத்துக்கொள்ளும். இரண்டாவது, ரத்தத்தில் கரைந்திருக்கிற உறைவுக் காரணிகள் என்ற புரதங்கள். ஒன்று அடுத்ததைத் தூண்ட, அது அதற்கடுத்ததைத் தூண்ட, கடைசியில் த்ராம்பின் என்ற நொதி உருவாகி, ஃபைப்ரின் என்ற நார் இழைகளைப் பின்னி எல்லாவற்றையும் இறுக்கிக் கட்டிவிடும். எந்தக் கட்டியிலும் இரண்டும் இருக்கும், ஆனால் சரிசமமாக இருக்காது. ரத்தம் வேகமாகப் பாய்கிற தமனியில், கொழுப்புப் படிவு வெடித்த இடத்திலோ ஸ்டென்ட்டின் கம்பி மேலோ உருவாகிற கட்டியில் தட்டணுக்களே அதிகம். ரத்தம் தேங்குகிற இடத்தில், அதாவது நீண்ட நாள் அசையாமல் கிடந்தவரின் கால் சிரையிலோ, சரியாகச் சுருங்காத இதய மேலறையிலோ உருவாகிற கட்டியில் ஃபைப்ரின்தான் ராஜா, அதில் சிவப்பணுக்கள் சிக்கிக் கிடக்கும். இந்த ஒரு வித்தியாசம் பிடிபட்டால் உங்கள் மாமியாரின் மருந்துச் சீட்டு முழுக்கப் புரிந்துவிடும்.

ஸ்டென்ட்டுக்காகக் கொடுத்த இரண்டும் தட்டணுக்களின் மேல் வேலை செய்பவை. தட்டணு மற்ற தட்டணுக்களைக் கூப்பிட த்ராம்பாக்ஸேன் என்ற பொருளைத் தயாரிக்கும். அதற்கு வேண்டிய நொதியை ஆஸ்பிரின் நிரந்தரமாக முடக்கிவிடுகிறது. தட்டணுவுக்கு உட்கரு கிடையாது, புது நொதி செய்துகொள்ள முடியாது, அதனால் அது உயிரோடு இருக்கும் ஏழு முதல் பத்து நாளும் அந்த வேலை நடக்காது. 75 மில்லிகிராம் போன்ற சிறிய அளவே தினமும் போதுமானதாக இருப்பதும், அறுவை சிகிச்சைக்குச் சில நாள் முன்பே நிறுத்தச் சொல்வதும் இதனால்தான். ஆஸ்பிரின் ப்ராஸ்டாகிளாண்டின் (த்ராம்பாக்ஸேனின் குடும்பத்துப் பொருள்) உற்பத்தியைத் தடுக்கிறது என்று 1971ல் காட்டியவர் பிரிட்டிஷ் மருந்தியலாளர் ஜான் வேன், 1982ல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது. குளோபிடோக்ரெல் வேறு கதவை அடைக்கிறது. ஏடிபி என்ற இன்னொரு செய்தி வந்து தட்டணுவில் பதிகிற ஏற்பியை அது மூடிவிடும். விழுங்கும்போது அது வேலை செய்யாத பொருள்தான், கல்லீரல்தான் அதை மருந்தாக மாற்ற வேண்டும். அந்த மாற்றத்தைச் செய்யும் நொதி சிலருக்குப் பிறவியிலேயே மந்தம், அப்படிப்பட்டவர்கள் தெற்காசியர்களில் கணிசமாக உண்டு. அமிலத்துக்குக் கொடுக்கிற ஒமெப்ரசோலும் அதே நொதியைத் தடுப்பதால் குளோபிடோக்ரெலோடு அதைத் தவிர்த்து பான்டோப்ரசோல் எழுதுவார்கள்.

இப்போது ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன். இதயத்தின் மேலறைகள் ஒழுங்காகச் சுருங்காமல் வெறுமனே நடுங்குகின்றன. இடது மேலறையின் ஓரத்தில் சின்னப் பை போல ஒரு மூலை உண்டு, அங்கே ரத்தம் தேங்கும், கட்டி பெரும்பாலும் அங்கேதான் உருவாகும். அதில் ஒரு துண்டு பிய்ந்து கிளம்பினால் நேராக மூளைக்குப் போகிற பாதைதான், பக்கவாதம். இது தேங்கிய இடத்துக் கட்டி, ஃபைப்ரின் கட்டி, ஆஸ்பிரின் இதைச் சரியாகத் தடுக்காது. இதில் சந்தேகத்துக்கு இடமில்லை: 2011ல் வெளிவந்த ஆவெரோஸ் ஆய்வில் ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன் உள்ளவர்களில் ஒரு பாதிக்கு ஆஸ்பிரின், மறுபாதிக்கு அபிக்ஸபான் கொடுத்துப் பார்த்தார்கள், அபிக்ஸபான் சாப்பிட்டவர்களுக்குப் பக்கவாதமும் மற்ற உறுப்புகளில் கட்டி போய் அடைப்பதும் பாதிக்கும் மேல் குறைந்தது, பெரிய ரத்தக்கசிவோ இரண்டு பக்கமும் ஏறக்குறைய ஒன்றுதான். 'ஆஸ்பிரின் பாதுகாப்பு, மற்றது ஆபத்து' என்று வீட்டில் யாராவது சொன்னால் இதை எடுத்துச் சொல்லுங்கள். அபிக்ஸபான் பிடிப்பது அந்தத் தூண்டல் வரிசையில் பத்தாம் காரணியை. அது ஒரு திறமையான இடம், ஏனென்றால் பத்தாம் காரணியின் ஒரே மூலக்கூறு பல நூறு த்ராம்பினை உருவாக்கக்கூடியது. ரிவராக்ஸபானும் இடாக்ஸபானும் அதே இடத்தில் பிடிப்பவை. டபிகாட்ரான் மட்டும் ஒரு படி தள்ளி, த்ராம்பினையே பிடிக்கும்.

ஆக, உங்கள் வீட்டில் ஒருவர் கேட்ட 'ஏற்கெனவே இரண்டு இருக்கும்போது' என்பதற்குப் பதில்: அந்த இரண்டும் ஸ்டென்ட்டுக்குக் காவல், மேலறைக்கு இல்லை.

இந்தப் புது மாத்திரைகளுக்கு முன்னால் இருந்தவற்றையும் கொஞ்சம் சொல்ல வேண்டும், ஏனென்றால் நம் ஊரில் லட்சக்கணக்கானவர்கள் இன்னும் அவற்றில்தான் இருக்கிறார்கள். ஹெப்பாரின் ஊசி 1916 வாக்கில் அமெரிக்காவின் ஜான்ஸ் ஹாப்கின்ஸில் நாயின் கல்லீரலிலிருந்து தற்செயலாகக் கிடைத்தது, இப்போது பன்றிக் குடலிலிருந்து எடுக்கிறார்கள். அது தானாக எதையும் தடுப்பதில்லை. நம் ரத்தத்திலேயே ஆன்டித்ராம்பின் என்று ஒரு காவல் புரதம் இருக்கிறது, அதை ஹெப்பாரின் பல மடங்கு வேகப்படுத்திவிடும், அதனால் ஏற்றிய உடனே பலன் தெரியும். வார்ஃபரின், அப்புறம் நம் நாட்டில் அதைவிட அதிகம் புழங்குகிற அசினோகூமரால், இவற்றின் பாதை மெதுவானது. கல்லீரல் சில உறைவுக் காரணிகளைச் செய்வதற்கு வைட்டமின் கே வேண்டும், இவை அந்த வைட்டமின் திரும்பத் திரும்பப் பயன்படுவதைத் தடுக்கும். ஏற்கெனவே ரத்தத்தில் சுற்றிக்கொண்டிருக்கிற காரணிகள் தீர்ந்துபோக நாளாகும் இல்லையா, அதனால் முழுப் பலன் வர ஐந்து நாள் போலப் பிடிக்கும், அதுவரை ஹெப்பாரினையும் கூடவே கொடுப்பார்கள். கெட்டுப்போன தீவனம் தின்று ரத்தம் கசிந்து செத்த மாடுகளிலிருந்து விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தில் கார்ல் லிங்க் குழு கண்டெடுத்த சங்கதி இது. வார்ஃபரின் 1948ல் எலி மருந்தாக வந்தது, 1954ல் மனிதர்களுக்கு. 'எலி மருந்தையா கொடுக்கிறீர்கள்' என்று கேட்டுப் பயந்து நிறுத்தியவர்களை நான் பார்த்திருக்கிறேன். எந்தப் பொருளானாலும் அளவுதான் முக்கியம், அந்த அளவு சரியா என்று பார்க்கத்தான், ரத்தம் உறைய எவ்வளவு நேரமாகிறது என்று காட்டுகிற ஐஎன்ஆர் பரிசோதனை இருக்கிறது, பெரும்பாலானவர்களுக்கு அது 2க்கும் 3க்கும் நடுவில் இருக்க வேண்டும்.

எங்கள் பிரிவில் ஐஎன்ஆர் நோட்டுப் புத்தகத்தோடு வருகிறவர்களில் தாராவி, சயான் கோலிவாடா பக்கத்துத் தமிழர்கள் நிறைய. இதயத்தில் இயந்திர வால்வு வைத்தவர்கள், வாத காய்ச்சலால் மைட்ரல் வால்வு சுருங்கியவர்கள். ஒரு வாரம் 1.6, அடுத்த வாரம் 3.8 என்று புத்தகத்தில் எண்கள் குதிக்கும். என்னம்மா சாப்பிட்டீர்கள் என்று கேட்டால், ஊரிலிருந்து அம்மா வந்திருந்தாங்க, முருங்கைக்கீரை தினமும் செஞ்சாங்க, அப்புறம் யாரோ கீரையே தொடக்கூடாதுன்னு சொன்னதால ஒரேயடியா விட்டுட்டேன் என்பார்கள். இரண்டுமே தப்பு. கீரையை விட வேண்டாம், வாரத்துக்கு வாரம் ஏறக்குறைய ஒரே அளவாகச் சாப்பிட வேண்டும், மாத்திரையின் அளவை அதற்கேற்ப நாங்கள் சரிசெய்துகொள்வோம். உங்கள் மாமியாருக்கு இந்தத் தொல்லை இல்லை, அபிக்ஸபானுக்கு வைட்டமின் கேயோடு சம்பந்தமில்லை, கீரை தாராளமாகச் சாப்பிடலாம், ஐஎன்ஆரும் பார்க்க வேண்டியதில்லை. அப்படியென்றால் எல்லோரையும் புது மாத்திரைக்கு மாற்றிவிடலாமே என்று தோன்றும். கூடாது. இயந்திர வால்வு உள்ளவர்களுக்கு டபிகாட்ரான் கொடுத்துப் பார்த்த ஆய்வைக் கட்டிகளும் ரத்தக்கசிவும் கூடியதால் பாதியில் நிறுத்தினார்கள், முடிவு 2013ல் வெளிவந்தது. வாத காய்ச்சல் வால்வு நோயோடு ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன் இருப்பவர்களிடம் நடத்திய இன்விக்டஸ் ஆய்வு, 2022ல் வந்தது, ரிவராக்ஸபானைவிட வார்ஃபரின் வகை சாப்பிட்டவர்களிடம் இறப்பு குறைவு என்று காட்டியது. இந்த நோய் அதிகமுள்ள நம் நாட்டுக்கு இது மிக முக்கியமான முடிவு. உங்கள் மாமியாரைப் பார்த்துவிட்டு வால்வு வைத்த பக்கத்து வீட்டுக்காரர் தன் மாத்திரையை மாற்றிக் கேட்டால், தயவுசெய்து தடுத்துவிடுங்கள்.

சரி, கொழுந்தனாரின் ஊசி. இதுவரை சொன்ன எந்த மருந்தும், ஹெப்பாரின் உட்பட, இருக்கிற கட்டியைக் கரைப்பதில்லை. கட்டி வளராமலும் புதிதாக உருவாகாமலும் நிறுத்திவைக்கும், கரைக்கிற வேலையை உடம்பே செய்துகொள்ளும். நம் ரத்தத்தில் பிளாஸ்மினோஜென் என்ற புரதம் தூங்கிக்கொண்டிருக்கிறது. ரத்தக்குழாயின் உட்சுவர் டிபிஏ என்ற பொருளைச் சுரந்து அதைத் தட்டியெழுப்பினால் அது பிளாஸ்மின் ஆகி ஃபைப்ரின் இழைகளை வெட்டித் தள்ளும். காலில் கட்டி வந்தவருக்கு மாதக்கணக்கில் மாத்திரை கொடுப்பது, இந்த மெதுவான வேலை நடந்து முடியும்வரை புதுக் கட்டி சேராமல் பார்த்துக்கொள்ளத்தான். கரைக்கிற ஊசி என்பது இந்த எழுப்பும் வேலையை ஒரேயடியாக, மிக அதிக அளவில் செய்வது. ஸ்ட்ரெப்டோகைனேஸ் ஒரு பாக்டீரியாவிலிருந்து கிடைத்தது, மாரடைப்புக்கு 15 லட்சம் யூனிட்டை ஒரு மணி நேரத்தில் ஏற்றுவார்கள். ஆல்டிப்ளேஸ் நம் டிபிஏவையே ஆய்வகத்தில் செய்தது, டெனெக்டிப்ளேஸ் அதைக் கொஞ்சம் மாற்றி ஒரே ஊசியாகப் போடும்படி ஆக்கியது. 1988ல் வந்த ஐசிஸ் 2 ஆய்வில் மாரடைப்பு வந்த 17,187 பேரிடம் பார்த்தார்கள்: ஸ்ட்ரெப்டோகைனேஸ் மட்டும் ஐந்து வாரத்து இதய, ரத்தக்குழாய் இறப்பை 25 சதவீதம் குறைத்தது, வெறும் ஆஸ்பிரின் 23 சதவீதம், இரண்டும் சேர்ந்து 42 சதவீதம். தட்டணுவும் ஃபைப்ரினும் இரண்டு தனி வேலைகள் என்பதற்கு இதைவிட நல்ல சான்று எனக்குத் தெரியாது.

பின்னே ஏன் ஒரே தடவை போட்டு முடித்துவிடக் கூடாது? முதலாவது, உங்கள் மாமியாருக்கு இப்போது கரைக்க வேண்டிய கட்டி இருப்பதாக யாரும் சொல்லவில்லை. ஊசியின் வீரியம் நிமிடங்களிலோ மணிக்கணக்கிலோ போய்விடும், அடுத்த வாரம் உருவாகிற கட்டியை அது தடுக்காது. இரண்டாவது, இந்த ஊசிக்கு நல்ல கட்டி கெட்ட கட்டி தெரியாது. போன வாரம் மூளையில் எங்கோ ஒரு நுண்குழாய் கிழிந்து உடம்பு அதை அடைத்துவைத்திருந்தால் அதையும் சேர்த்துக் கரைத்துவிடும். பக்கவாதத்துக்கு ஆல்டிப்ளேஸ் போடலாம் என்று நிறுவிய 1995ம் ஆண்டு ஆய்விலேயே ஊசி போட்டவர்களில் 6.4 சதவீதம் பேருக்கு மூளையில் ரத்தம் கசிந்து நிலைமை மோசமானது, போடாதவர்களில் 0.6 சதவீதம். அப்படியிருந்தும் போடுகிறார்கள், ஏனென்றால் மூளை செத்துக்கொண்டிருக்கும்போது மொத்தத்தில் பிழைத்து எழுந்து நடப்பவர்கள் அதிகம். நேரம் தாண்டினால் இந்தக் கணக்குத் தலைகீழாகிவிடும். பக்கவாதத்துக்கு வழக்கமான எல்லை நாலரை மணி நேரம், மாரடைப்புக்குப் பன்னிரண்டு மணி நேரம், அதிலும் முதல் இரண்டு மூன்று மணி நேரத்துக்குள் கொடுப்பதுதான் நிஜமான பலன்.

இங்கே உங்களுக்கு நேரடியாகப் பயன்படுகிற ஒன்று உண்டு. மாமியாருக்கு எப்போதாவது வாய் கோணினாலோ, ஒரு கை விழுந்தாலோ, பேச்சுக் குழறினாலோ 108ஐக் கூப்பிட்டு, இரவிலும் சிடி எடுக்கிற மருத்துவமனைக்கு நேராகப் போங்கள். எது அப்படிப்பட்ட இடம் என்பதை இன்றைக்கே விசாரித்து வைத்துக்கொள்ளுங்கள், மழைக்கால மாலையில் செம்பூரிலிருந்து எந்தப் பக்கம் போவதும் எவ்வளவு நேரமாகும் என்று உங்களுக்கே தெரியும். போனதும் சொல்ல வேண்டிய முதல் வாக்கியம், அபிக்ஸபான் சாப்பிடுகிறார், கடைசி மாத்திரை இத்தனை மணிக்கு. கடந்த 48 மணி நேரத்துக்குள் சாப்பிட்டிருந்தால் கரைக்கும் ஊசியைப் பொதுவாகப் போடமாட்டார்கள், தொடை வழியாகக் குழாய் செலுத்திக் கட்டியை இழுத்தெடுக்க முடியுமா என்று பார்ப்பார்கள். இந்த 48 மணி எல்லை தேவைக்கு மேல் கடுமையோ என்ற விவாதம் நிபுணர்களிடையே நடக்கிறது, ஆனால் இன்றைய நடைமுறை அதுதான்.

மூன்றும் சேர்ந்து சாப்பிடுவது பற்றி உங்கள் வீட்டாரின் பயத்தில் நியாயம் இருக்கிறது, காரணம்தான் தப்பு. தட்டணுவையும் முடக்கி, ஃபைப்ரினையும் முடக்கினால் ரத்தக்கசிவு வாய்ப்புத் தெளிவாகக் கூடும், இது உறுதியான விஷயம். ஸ்டென்ட் புதிதாக வைத்தவருக்கே மூன்றையும் சேர்த்துக் கொடுப்பதைச் சில நாளிலிருந்து ஒரு மாதம்வரைதான் வைத்துக்கொள்கிறார்கள், பிறகு ஆஸ்பிரினை நிறுத்திவிடுவது வழக்கம். 2019ல் வந்த அகஸ்டஸ் ஆய்வு அதற்கு ஒரு முக்கியக் காரணம். ஸ்டென்ட் வைத்து ஒரு வருடம் தாண்டி நெஞ்சு வலியில்லாமல் நிலையாக இருப்பவர்களிடம் ஜப்பானில் நடந்த அஃபயர் ஆய்வில், ரிவராக்ஸபான் மட்டும் சாப்பிட்டவர்கள், அதோடு ஒரு தட்டணு மாத்திரையும் சேர்த்துச் சாப்பிட்டவர்களைவிட நன்றாக இருந்தார்கள், ரத்தக்கசிவும் குறைவு. ஆக, பெரும்பாலானவர்களுக்கு ஒரு வருடத்துக்குப் பின் ஒரே மாத்திரை என்ற திசையில்தான் வழிகாட்டுதல்கள் இருக்கின்றன. உங்கள் மாமியாருக்கு இது பொருந்துமா என்பது, ஸ்டென்ட் எந்த இடத்தில், எத்தனை, சமீபத்தில் மறுபடி அடைப்பு ஏதும் வந்ததா என்பதைப் பொறுத்தது. மூன்றையும் வேண்டுமென்றே தொடரச் சொல்லியிருக்கலாம், அல்லது அபிக்ஸபானை எழுதியவர் பழைய சீட்டைப் பார்க்காமல் விட்டிருக்கலாம். இரண்டாவது நான் அடிக்கடி பார்ப்பது. பிளாஸ்டிக் பையைக் கவிழ்த்து மேசையில் மாத்திரை அட்டைகளைக் கொட்டும்போது, கொழுப்புக்கு என்று அவர்கள் நினைத்துக்கொண்டிருக்கிற கேப்சூல் அட்டையின் முதுகில் பொடி எழுத்தில் ஆஸ்பிரின், குளோபிடோக்ரெல், அடோர்வாஸ்டாடின் மூன்றும் அச்சாகியிருக்கும், பக்கத்திலேயே தனி ஆஸ்பிரின் அட்டையும் கிடக்கும். எல்லா அட்டையையும் திருப்பி, போன் வெளிச்சத்திலாவது ஒவ்வொரு பெயரையும் படித்துப் பட்டியல் எழுதுங்கள்.

அந்தப் பட்டியலில் மூட்டுவலிக்கு டைக்ளோஃபெனாக், ஐபுப்ரோஃபென் மாதிரி ஏதாவது இருந்தால் அதுதான் முதல் எதிரி. வயிற்றுப் புண்ணைக் கிளப்பி அங்கே ரத்தம் கசிய வைக்கும், ஐபுப்ரோஃபென் ஆஸ்பிரினின் வேலையையும் கெடுக்கும். வலிக்குப் பாராசிட்டமால் போதும். பூண்டு, மஞ்சள் பற்றிப் பலரும் கேட்பார்கள். சமையலில் போடுகிற அளவுக்குக் கவலைப்பட ஆதாரம் இல்லை. அதையே செறிவாக்கிக் கேப்சூலில் விற்பது வேறு, அதில் ஆய்வுகள் அரைகுறையாகத்தான் இருக்கின்றன, இந்த மாத்திரைகளோடு அதை வேண்டாம் என்றுதான் நான் சொல்வேன்.

ஈறு ரத்தம் மென்மையான பிரஷ்ஷுக்கு மாறி, பல் மருத்துவரிடம் ஈறைச் சுத்தம் செய்துகொண்டாலே பெரும்பாலும் குறையும். மாத்திரை சாப்பிடுவதைப் பல் மருத்துவரிடம் சொல்லுங்கள், ஆனால் அதற்காக வீட்டில் நீங்களே நிறுத்திவிடாதீர்கள். ஆஸ்பிரினின் பலன் நாள்கணக்கில் நிற்கும், அபிக்ஸபான் அப்படியில்லை, அரை நாளிலேயே பாதி வெளியேறிவிடும், இரண்டு வேளை விட்டால் மேலறைக்குக் காவலே இல்லை. ஒரு வேளை மறந்தால் அன்றைக்கே நினைவு வந்ததும் ஒன்று போடலாம், இரண்டாகச் சேர்த்துப் போடக் கூடாது. மலம் தார் மாதிரிக் கறுத்துப் போனால், சிறுநீர் சிவந்தால், தலையில் அடிபட்டால் (வலி இல்லாவிட்டாலும்), திடீரென்று கடுமையான தலைவலி வந்தால் காத்திருக்காதீர்கள். மழைக்காலத்தில் காய்ச்சல் வந்தாலும் உடனே ரத்தம் பார்க்க வேண்டும், டெங்குவாக இருந்து தட்டணுக்கள் குறைய ஆரம்பித்தால் இந்த மாத்திரைகளை என்ன செய்வது என்பதை மருத்துவர்தான் அன்றன்றைக்குத் தீர்மானிக்க வேண்டும்.

இதய மருத்துவரிடம் இந்த வாரமே போங்கள், போகும்போது அட்டைப் பட்டியல், ஸ்டென்ட் வைத்தபோது கொடுத்த டிஸ்சார்ஜ் சம்மரி, சமீபத்திய ஹீமோகுளோபின், சிறுநீரகத்துக்குப் பார்க்கிற கிரியேட்டினின் முடிவு, எடை எல்லாம் கையில் இருக்கட்டும். கேட்க வேண்டியவை இரண்டு. ஸ்டென்ட் வைத்து இரண்டு வருடமான நிலையில் ஆஸ்பிரினும் குளோபிடோக்ரெலும் இன்னும் தேவையா, தேவையென்றால் எது, எத்தனை நாள்? அபிக்ஸபான் அளவு அவருக்குச் சரியா? வயது 80 அல்லது அதற்கு மேல், எடை 60 கிலோ அல்லது அதற்குக் கீழ், கிரியேட்டினின் 1.5 அல்லது அதற்கு மேல், இந்த மூன்றில் குறைந்தது இரண்டு இருந்தால்தான் 2.5க்குக் குறைப்பது, வயதானவர் என்று பயந்து சும்மா குறைத்தால் பக்கவாதத்துக்குக் காவல் குறைந்துவிடலாம். அவர் சொல்கிற பதிலையும், ஸ்டென்ட் எந்தத் தமனியில் என்பதையும் இங்கே எழுதுங்கள், அதற்கு மேல் மருந்துகள் ஒன்றோடொன்று மோதுவது பற்றிச் சந்தேகம் இருந்தால் பட்டியலைப் பார்த்துச் சொல்கிறேன்.